அக்காவோட சலங்கைல சென்சார் கட்டி, ஆடியன்ஸ் போன்ல மணி அடிக்க வெச்ச கதை

மேட்டர் இதுதான். பரதம் ஆடுற ஒரு அக்கா, அவங்களுக்கு நட்டுவாங்கம் பண்ற (தாளம் போட்டு, ஜதிங்கற தாளச் சொற்கட்டைச் சொல்லி ஆட்டத்தை நடத்துற) மாஸ்டர், சென்னையில 90 சீட்டு இருக்குற ஒரு சின்ன ஹால். அக்கா தரையத் தட்டுனா சலங்கை சத்தம் மேடையில இருந்து மட்டும் இல்லாம ஆடியன்ஸ் கையில இருக்குற போன்ல இருந்தும் வரணும், இடது கால்னா இடது பக்க சீட்டு, வலது கால்னா வலது பக்கம். நடுவுல ஒரு இடத்துல ஆடியன்ஸே போனை வெச்சு தாளம் போடணும், மாஸ்டர் அந்த தாளத்துக்கு ஜதி சொல்லணும். கடைசில அக்கா அசையாம நிக்கும்போது அவங்க ஹார்ட்பீட் எல்லார் கையிலயும் அதிரணும். இவ்ளோதான் ஐடியா, பேப்பர்ல எழுதுனா அரைப் பக்கம் கூட வராது. அதை ஓட வைக்கிறதுக்கு என்னென்ன தேவைப்பட்டுச்சுன்னு எழுதி வெச்சுடலாம்னு தோணுச்சு, ஏன்னா தமிழ்ல தேடுனா இந்த மாதிரி வேலைக்கு ஒண்ணும் சிக்கல.

போனை வெச்சு நிகழ்ச்சி பண்றது புதுசு இல்ல. 2001ல ஆஸ்திரியாவுல, லின்ஸ் ஊர்ல நடக்குற ஆர்ஸ் எலக்ட்ரானிகா விழாவுல கோலன் லெவினும் அவர் கூட்டாளிங்களும் 'டயல்டோன்ஸ்'னு ஒண்ணு பண்ணாங்க. உள்ள வர்றவங்க நம்பரை வாசல்லயே வாங்கிக்கிட்டு, போனுக்கு புது ரிங்டோன் இறக்கி, எந்த சீட்டுன்னும் குடுத்துட்டு, அப்புறம் அத்தனை பேருக்கும் டயல் பண்ணி பண்ணியே கச்சேரி நடத்துனாங்க. 2005ல ரிமினி புரோட்டகால் குழுவோட 'கால் கட்டா'ல பெர்லின் தெருவுல நடந்து போற ஒரு ஆளுக்கு கொல்கத்தா கால் சென்டர்ல உக்காந்திருக்குறவர் போன்ல வழி சொல்லிக்கிட்டே வருவாரு, நாடகமே அந்த ஒரு கால்தான். ரெண்டுலயும் எனக்குப் பிடிச்சது என்னன்னா, போன் சாதாரணமா என்ன பண்ணுமோ அதையேதான் பண்ண விட்டாங்க. ஒண்ணு ரிங் அடிக்குது, இன்னொண்ணுல பேசுறாங்க. நாங்களும் அதை மனசுல வெச்சுக்கிட்டுதான் ஆரம்பிச்சோம். போன் நம்மளோட கருவி இல்ல, வந்தவங்களோடது, பாதி ஷோவுல அவங்களுக்கு கால் வரும், சார்ஜ் தீரும், சலிச்சுப்போய் பாக்கெட்ல போட்டுடுவாங்க, எதுவும் தப்பில்ல. எந்த போன் எப்ப கழண்டுக்கிட்டாலும் ஷோ நிக்கக்கூடாது, இதுதான் கண்டிஷன்.

ஆப் கிடையாதுன்னு முதல் நாளே முடிவு பண்ணியாச்சு. வாசல்ல நின்னுக்கிட்டு ஆப் இன்ஸ்டால் பண்ணச் சொன்னா பாதிப் பேர் போன்ல இடம் இருக்காது, மீதிப் பேருக்கு பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது. அதனால பிரவுசர்ல ஓடுற ஒரு வெப் பக்கம்தான். ஆனா பிரவுசர்ல மோஷன் சென்சாரைப் படிக்கணும்னா அந்தப் பக்கம் ஹெச்டிடிபிஎஸ்ல (பூட்டுப் போட்ட பாதுகாப்பான இணைப்புல) இருக்கணும், நம்ம சர்வரோ ஹால்ல மேசை மேல இருக்குற லேப்டாப், 192.168ன்னு ஆரம்பிக்கிற லோக்கல் அட்ரஸ். அதுக்கு சைட்டோட அடையாளத்தைக் காட்டுற சர்டிபிகேட் ஒண்ணு வேணும், நாமளே கையால அதைச் செஞ்சு போட்டா போன்ல 'இந்த சைட் பாதுகாப்பானது இல்ல'ன்னு பெருசா வரும், அதைப் பாத்த பிறகு யாரு நம்மள நம்புவா. வழி என்னன்னா, நெசமாவே ஒரு டொமைன் வாங்கிக்கணும், லெட்ஸ் என்கிரிப்ட்ல (இலவசமா சர்டிபிகேட் குடுக்குற அமைப்பு) டிஎன்எஸ், அதாவது டொமைனோட பதிவு வழியா சரிபார்க்குற முறையில சர்டிபிகேட் எடுத்துக்கணும் (அதுக்கு சர்வர் வெளிய தெரியவே வேண்டாம்), அப்புறம் அந்த டொமைனை லேப்டாப்போட லோக்கல் அட்ரஸுக்கே காட்டிவிட்டுடணும். சில ரவுட்டர் 'வெளி டொமைன் உள்ள அட்ரஸைக் காட்டுதே'ன்னு சந்தேகப்பட்டு பதிலையே முழுங்கிடும், அங்க அந்த டொமைனுக்கு மட்டும் விலக்கு குடுக்கணும். சர்டிபிகேட் அதிகபட்சம் 90 நாள்தான் இருக்கும், ஷோ தேதி தள்ளிப்போனா புதுப்பிச்சுக்கோங்க.

அடுத்தது இன்டர்நெட் இல்லாத வைஃபை. இன்டர்நெட் எதுக்கு, எல்லாம் லேப்டாப்லயே இருக்கேன்னுதான் தோணும். ஆனா ஆண்ட்ராய்டு ஒரு வைஃபைல சேர்ந்த உடனே இன்டர்நெட் இருக்கான்னு தட்டிப் பாக்கும், இல்லன்னா கமுக்கமா மொபைல் டேட்டாவுக்குத் தாவிடும், மேல வைஃபை சின்னம் அப்படியே இருக்கும், பக்கம் மட்டும் வராது. அந்தத் தட்டுதலுக்கு நாமளே லோக்கலா பதில் சொல்லி ஏமாத்தலாம்னு பழைய டிரிக் ஒண்ணு இருக்கு, புது ஆண்ட்ராய்டுல ஹெச்டிடிபிஎஸ்லயும் சேர்த்து தட்டிப் பாக்குறதால அது முழுசா செல்லாது. கடைசில ஹால்ல இருந்த லைனையே ரவுட்டர்ல செருகி, ஆளுக்கு இவ்ளோதான்னு வேகத்தைக் கட்டிப் போட்டுட்டோம். வாட்ஸ்அப்ல எழுத்து போகும், ரீல்ஸ் ஓடாது.

ரவுட்டர்ல இன்னொரு சமாச்சாரம், அட்ரஸ் எண்ணிக்கை. வாங்குனபடியே விட்டா பல ரவுட்டர் 100ல இருந்து 199 வரைக்கும்னு ஒரு நூறு அட்ரஸ்தான் வெச்சிருக்கும், ஒரு தடவை குடுத்ததை ஒரு நாள் முழுக்க திரும்ப எடுக்காது. காலைல ஒத்திகைக்கு வந்த பசங்க போன், லைட் போட்டவரு போன், லேப்டாப்புன்னு எல்லாம் சேர்ந்தா சாயங்காலம் கடைசி வரிசைக்கு அட்ரஸ் இருக்காது. அளவை 10ல இருந்து 250 வரைக்கும் விரிச்சு, குத்தகை நேரத்தை ஒரு மணி நேரமா குறைச்சாச்சு. அதோட வீட்டு ரவுட்டர் ஒண்ண வெச்சுக்கிட்டு 90 போனை இழுக்க முடியாது, ரெண்டு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல் விடுற டப்பா) கேபிள்ல இழுத்து ஹாலோட ரெண்டு பக்கமும் மாட்டுனோம்.

நம்ம வெப் பக்கத்துல ஒரே ஒரு பட்டன், 'தொடங்கலாம்'. அந்த ஒரு தட்டுக்குள்ளதான் எல்லாம் நடக்கணும். பிரவுசர் எதுவும் பயனர் தொடாம சத்தம் போட விடாது, ஐபோன்ல ஐஓஎஸ் 13ல இருந்து மோஷன் சென்சாருக்கு அனுமதி கேக்கணும், அதையும் பட்டனைத் தட்டுன அதே வேலைக்குள்ள கேட்டாத்தான் ஒத்துக்கும், திரை அணையாம இருக்க வேக் லாக்கையும் அப்பவே எடுத்துக்கணும். அதுக்கப்புறம் ஒரு மணிச் சத்தம், கீழ 'கேட்டுச்சா?'ன்னு ஆமா, இல்ல. இந்தக் கேள்விதான் ஷோவையே காப்பாத்துச்சுன்னு சொல்லுவேன். ஐபோன் பக்கவாட்டுல சைலன்ட் பட்டன் போட்டிருந்தா எங்க வெப் பக்கத்தோட சத்தம் வராது. இன்னொண்ணு இதைவிட வேடிக்கை, கழுத்துல மாட்டுற ப்ளூடூத் ஹெட்செட்டை ஆஃப் பண்ணாம பையில போட்டிருப்பாங்க, போன் அமைதியா இருக்கும், மணி பைக்குள்ள யாருக்கும் கேக்காம அடிச்சுக்கிட்டு இருக்கும். 'இல்ல'ன்னு தட்டுனா இந்த ரெண்டையும் வால்யூமையும் படம் போட்டு காட்டுற மாதிரி வெச்சோம்.

க்யூஆர் ரெண்டு தேவை, ஒண்ணு வைஃபைல சேர, ஒண்ணு பக்கத்தைத் திறக்க. வைஃபை க்யூஆர் வாசல்லயே. பக்கத்தோட க்யூஆர் ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனி, முன் சீட்டோட முதுகுல ஒட்டுனது, அதுக்குள்ளயே வரிசையும் சீட்டு நம்பரும் இருக்கும், அதனால எந்த போன் எங்க உக்காந்திருக்குன்னு தனியா கேக்க வேண்டியதில்ல. டயல்டோன்ஸ்ல சீட்டைக் குறிச்சு குடுத்த அதே யோசனைதான். ஒண்ணு மட்டும் எதிர்பார்த்துக்கோங்க, நம்ம ஊர்ல க்யூஆரைப் பாத்தா கை தானா யூபிஐ ஆப்புக்குத்தான் போகும். 'செல்லாத க்யூஆர்னு வருதுப்பா, எவ்ளோ அனுப்பணும்?'னு கேட்டாங்க. க்யூஆர் மேலயே 'காசு இல்ல, கேமராவுல காட்டுங்க'ன்னு கொட்டை எழுத்துல அடிச்சு ஒட்டுனோம். முதல் சிரிப்பு அங்கதான் வந்துச்சு, ஷோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே.

இனி காலுக்கு வருவோம். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குன இஎஸ்பி32 போர்டு (வைஃபை ரேடியோ உள்ளயே இருக்குற குட்டிக் கம்ப்யூட்டர்), கூட எம்பியூ6050 மோஷன் சென்சார், ரெண்டு காலுக்கும் தனித்தனி செட்டு. இடுப்புல ஒரே போர்டு வெச்சு சென்சாரை மட்டும் கணுக்காலுக்கு வயர்ல இழுக்கலாம்னு ஒரு நண்பர் சொன்னாரு, சென்சார் போர்டோட பேசுற ஐ2சி பஸ்ஸு மீட்டர் கணக்குல வயர் இழுக்குறதுக்கு உண்டானது இல்ல, அது ஒரே போர்டுக்குள்ள சிப்புக்கு சிப்பு பேசிக்கிறதுக்கு வந்தது, அதுவும் ஆடுற கால்ல. ஒவ்வொரு உதையிலயும் சால்டர் ஜாயின்ட்தான் முதல்ல போகும். தனித்தனி செட்டுதான் நிம்மதி.

எங்க கட்டுறதுன்னு முடிவு பண்ண ரொம்ப நேரம் ஆச்சு. சலங்கைக்கு உள்ளயே வெச்சா மணியெல்லாம் டப்பா மேல இடிக்கும், சென்சாருக்கு தட்டுனது காலா மணியான்னே தெரியாது. கெண்டைக்காலுக்குப் பின்னாடி வெச்சா அரைமண்டில (முட்டியைப் பாதி மடக்கி நிக்கிறது) ஒண்ணும் ஆகாது, முழுமண்டி (முழுசா குந்தி) உக்காரும்போது தொடை வந்து அமுக்கும். "டேய், இது குத்துதுடா"ன்னு அக்கா முதல் தடவை உக்காந்த உடனே சொல்லிட்டாங்க. கடைசில சலங்கைப் பட்டைக்கு மேல, முன்னங்காலோட வெளிப்பக்கம், எலும்பை ஒட்டி. அங்க சதை கம்மி, அதிர்வு நேரா வருது. 3டி பிரின்ட் பண்ண டப்பா, மூலையெல்லாம் மழுங்கடிச்சது, பின்னாடி வெல்க்ரோ பட்டை, பைஜாமா காஸ்ட்யூமோட ஓரம் மேல வந்து மூடிக்கும். லித்தியம் பேட்டரி மெத்துன்னு இருக்குற பை மாதிரி சாமான், அது கெட்டியான டப்பாவுக்குள்ள தனி அறையிலதான் இருக்கணும், இந்த விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம், கட்டியிருக்குறது ஒரு மனுஷி கால்ல.

சென்சார் செட்டிங்ல ரெண்டு விஷயம். எம்பியூ6050 வாங்குனபடியே ±2ஜி அளவுல இருக்கும் (ஜின்னா புவியீர்ப்பு முடுக்கம், அதுல ரெண்டு மடங்கு வரைக்கும்தான் அளக்கும்). ஒரு நல்ல தட்டுக்கு கணுக்கால்ல அதெல்லாம் சும்மா தாண்டும், எல்லா தட்டும் ஒரே உயரத்துல வெட்டுப்பட்டு தெரியும், மெதுவா தட்டுனதா பலமா தட்டுனதான்னு பிரிக்க முடியாது. ±16ஜிக்கு மாத்திக்கோங்க, அப்ப ஒரு ஜிக்கு 2048னு எண்ணு வரும். ரெண்டாவது, அதுக்குள்ள இருக்குற லோ பாஸ் ஃபில்டர், வேகமான அதிர்வை வடிகட்டுறது. நெட்ல இருக்குற பாதி புரோகிராம் அதை 44 ஹெர்ட்ஸ்ல வைக்கச் சொல்லும், ட்ரோனுக்கு அது சரி, தட்டடவுக்கு (காலைத் தரையில தட்டுற அடவு) சரி வராது, அடியோட கூர்மையே மழுங்கிடும். திறந்து விட்டுட்டு வேகமா படிச்சுக்கணும்.

தட்டைக் கண்டுபிடிக்கிற வேலையை கால்ல இருக்குற இஎஸ்பி32வே பண்ணிடுது. மொத்த டேட்டாவையும் லேப்டாப்புக்கு ஓட்டிக்கிட்டே இருக்குறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, காத்துல போறது எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது. 'இடது கால், இவ்ளோ பலம்', அவ்ளோதான் செய்தி, சில பைட்டு. ஒரு தட்டுக்கு அப்புறம் மணியும் தோலும் சேர்ந்து கொஞ்ச நேரம் ஆடிக்கிட்டே இருக்கும், அதையெல்லாம் புதுத் தட்டுன்னு எடுத்துக்காம இருக்க ஒரு மௌன இடைவெளி வேணும். எவ்ளோன்னு மாஸ்டர்கிட்டதான் கேட்டேன். தாளம் நிமிஷத்துக்கு 60 அட்சரம்னு (தாளத்தோட ஒவ்வொரு எண்ணிக்கையும் ஒரு அட்சரம்) வெச்சுக்கிட்டா மூணாங்காலத்துல, அதாவது மூணாவது வேகத்துல, அட்சரத்துக்கு நாலு தட்டு, அதாவது 250 மில்லிசெகண்டுக்கு ஒண்ணு, அவரு இன்னும் விறுவிறுப்பா போனா அதைவிடக் கம்மி. அதனால 120 மில்லிசெகண்டு. ரெண்டு காலுக்கும் தனித்தனி கணக்குங்கறதால தாராளமா போதும்.

பவர்ல தான் மண்டை காஞ்சுச்சு. சார்ஜ் ஃபுல்லா இருக்கும்போது நல்லா ஓடுற செட்டு, கொஞ்சம் இறங்குன உடனே தானா ரீஸ்டார்ட் ஆகுது, அதுவும் கரெக்டா ரேடியோ அனுப்பும்போது. காரணம் போர்டுல இருக்குற ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், பேட்டரி வோல்ட்டேஜை சிப்புக்கு ஏத்த 3.3க்கு இறக்குற சாமான். அதுக்கு உள்ள வர்ற வோல்ட்டேஜ், வெளிய வர்றதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல அதிகமா இருக்கணும், 3.7 வோல்ட் பேட்டரில இருந்து 3.3 எடுக்க அதால முடியாது. இஎஸ்பி32 அனுப்புற நொடில 200 மில்லிஆம்பியருக்கு மேல இழுக்கும், வோல்ட்டேஜ் தொபுக்குன்னு விழும், சிப்பு பயந்து ரீசெட் ஆயிடும். அதுக்குப் பதிலா ஹெச்டி7833ங்கற ரெகுலேட்டர் போட்டு, பக்கத்துலயே 470 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒண்ணு போட்டதும் சாதுவாயிடுச்சு. சார்ஜிங்குக்கு எல்லாரும் வாங்குற டிபி4056 போர்டுதான், ஆனா அதுல இருக்குற 1.2 கிலோஓம் ரெசிஸ்டரோட அது ஒரு ஆம்பியர் தள்ளும், எங்க பேட்டரி 400 மில்லிஆம்பியர்-மணிநேரம், அதுக்கு இது ரொம்ப ஜாஸ்தி. 5 கிலோஓம் மாத்துனா 250 மில்லிஆம்பியர், மெதுவா ஏறும், சூடாகாது. நகத்தளவு ரெசிஸ்டர் கூட இல்ல, கடுகு சைஸு, கண்ணாடி போட்டுக்கிட்டு மாத்துங்க.

வேர்வைக்கு ட்ரான்ஸ்பரன்ட் நெயில் பாலிஷ். போர்டு மேல ரெண்டு பூச்சு, கனெக்டர்லயும் ஆன்டெனா பக்கமும் படாம. அக்காவோட மேக்கப் பாக்ஸ்லயே இருந்துச்சு.

ரேடியோவுக்கு வைஃபை வேண்டாம்னு இஎஸ்பி நவ் எடுத்தோம், ரவுட்டர் இல்லாமலே போர்டுக்கு போர்டு நேரா பேசிக்கும், ஒரு செய்திக்கு 250 பைட்டு தாராளமா போகும், நமக்கு அதுல கால்வாசி கூட தேவையில்ல. ஆனா அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், விலை கம்மியான போன் பலதும் அதே 2.4தான். சென்சாரை சேனல் 1ல வெச்சு, ஆக்சஸ் பாயிண்ட்டோட 2.4 பக்கத்தை 11க்குத் தள்ளி, 5 கிகாஹெர்ட்ஸ் வர்ற போனையெல்லாம் அங்க அனுப்பிட்டோம். கால்ல இருந்து வர்ற செய்தியை லேப்டாப்புக்கு வாங்கிக் குடுக்குற ரிசீவர் மேசை மேல இருந்தப்ப காலி ஹால்ல ஒரு தட்டு கூட விட்டுப்போகல. ஆள் நிறைஞ்சா கதை வேற, மனுஷ உடம்பு பெரும்பாலும் தண்ணி, 2.4 அதுல உறிஞ்சிக்கிட்டுப் போயிடும், மேசை உயரத்துல இருக்குற ரிசீவருக்கும் மேடைக்கும் நடுவுல பத்து வரிசை தண்ணி உக்காந்திருக்கு. லைட் மாட்டுற பைப்புல தொங்கவிடலாமான்னு ஹால் எலக்ட்ரீசியன்கிட்ட கேட்டேன். "எடை எவ்ளோ தம்பி?"ன்னாரு, காட்டுனேன், சிரிச்சுட்டு அவரே ஏறி டேக் போட்டுக் கட்டிக் குடுத்தாரு. அதோட அந்த பிரச்சனை தீந்துச்சு.

இப்போ சத்தம். இதைத்தான் நான் ரொம்ப ரசிச்சு பண்ணேன். கால்ல இருந்து லேப்டாப் வரைக்கும் வர்றதுக்கு சில மில்லிசெகண்டுதான். அங்க இருந்து போனுக்குப் போறதுதான் லாட்டரி. போன் வைஃபை ரேடியோ பேட்டரியை மிச்சம் பண்ண அப்பப்போ தூங்கும், ரவுட்டர் 102 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை விடுற பீக்கனுக்கு ('நான் இருக்கேன்'ங்கற சிக்னல்) எழுந்து 'எனக்கு ஏதாச்சும் வந்துச்சா'ன்னு பாக்கும், அதுவரைக்கும் உங்க செய்தி வரிசையில நிக்கும். பக்கம் அடிக்கடி சின்னதா ஏதாவது அனுப்பிக்கிட்டே இருந்தா அவ்ளோவா தூங்காது, அதைப் பண்ணோம். அதுக்கு மேல ஒவ்வொரு மாடல் போனும் சத்தத்தை வெளிய விடுறதுக்கு எடுத்துக்கிற நேரம் வேற வேற. முன்கூட்டியே தெரிஞ்ச சத்தம்னா பரவால்ல, எல்லா போனோட கடிகாரத்தையும் லேப்டாப்போட ஒத்துப்போக வெச்சுக்கிட்டு (போயிட்டு வர்ற நேரத்தைப் பல தடவை அளந்து, இருக்குறதுலயே வேகமா வந்ததை மட்டும் நம்பணும்) 'சரியா இந்த நேரத்துல அடி'ன்னு கொஞ்சம் முன்னாடியே சொல்லி வெக்கலாம். அக்கா கால் எப்ப இறங்கும்னு முன்னாடியே எப்படி சொல்றது?

முதல்ல மாஸ்டர் ஆசைப்பட்டது மிருதங்கச் சொல்லு, தட்டுக்கு தட்டு ஆடியன்ஸ் போன்ல 'தா', 'தோம்'. போன் ஸ்பீக்கருக்கு அடித்தொண்டையே கிடையாது, மிருதங்கத்தோட தொப்பிப் பக்கத்து (கனத்த சத்தம் வர்ற இடது பக்கம்) சத்தமெல்லாம் டப்பாவைத் தட்டுன மாதிரி வருது. அதைக்கூட விடுங்க, 60 போன்ல இருந்து 60 'தா' முன்னப்பின்ன வந்தா தாளம் தப்புன மாதிரியே கேக்குது, மாஸ்டர் முகம் சுருங்கிடுச்சு. அப்புறம் சலங்கை மணியையே எடுத்தோம். ஒரு மணியை மட்டும் கழட்டி வெச்சு, ஆட்டி, உருட்டி, தட்டி தனித்தனியா ரெக்கார்டு பண்ணி, ஒவ்வொரு போனுக்கும் சுருதி கொஞ்சம் கூடக் குறைய குடுத்து விட்டோம். ஒரு கால் சலங்கையில அம்பது மணி இருந்தா அம்பதும் ஒரே நொடிலயா அடிக்குது? ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு சிதறித்தான் விழும், நம்ம காதும் அதைத்தான் சலங்கைன்னு கேட்டுப் பழகியிருக்கு. அதனால போனுக்கு போன் 30, 50 மில்லிசெகண்டு வித்தியாசம் வந்தா கோளாறாவே தெரியல, பெரிய சலங்கையாத்தான் கேட்டுச்சு. ஹாலோட பின் வரிசைக்கு மேடைச் சத்தமே காத்துல போய்ச்சேர அவ்ளோ நேரம் ஆகுது, பத்து மீட்டருக்கு கிட்டத்தட்ட 29 மில்லிசெகண்டு. தாமதத்தைக் குறைக்க மல்லுக்கட்டுறதைவிட தாமதத்தைத் தாங்குற சத்தத்தைத் தேடுங்க, இந்தப் பதிவுல ஒண்ணை மட்டும் எடுத்துக்கறதா இருந்தா இதை எடுத்துக்கோங்க.

மணிச் சத்தம் மேல் ஸ்தாயிங்கறதால சின்ன ஸ்பீக்கர்லயும் கணீர்னு வருது, ஃபைலும் சின்னது, 'தொடங்கலாம்' தட்டும்போதே எல்லாம் இறங்கிடும், நடுவுல லோடிங் கிடையாது. பாதில யாராச்சும் போன்ல பேசிட்டுத் திரும்ப வந்தா பக்கம் தானா மறுபடி சேர்ந்துக்கும், அதுவரைக்கும் அந்த ஒரு மணி இல்ல, அவ்ளோதான்.

தாளம் போடுற பகுதி. ஆதி தாளம், எட்டு அட்சரம், போனை வலது கையில பிடிச்சுக்கிட்டு தொடையில தட்டணும், வீச்சு வரும்போது கையைத் திருப்பணும். பிரவுசர் நொடிக்கு சுமார் 60 தடவை மோஷனைக் குடுக்கும், தட்டு நல்லாவே தெரியுது. எல்லா போன்ல இருந்தும் வர்ற தட்டுல நடு மதிப்பை எடுத்து அதைத்தான் ஹாலோட தாளம்னு வெச்சோம், சராசரி எடுக்கக்கூடாது, போனைக் கீழ போட்ட ரெண்டு பேரும் வாட்ஸ்அப் பாக்குறவரும் அதைக் கெடுத்துடுவாங்க. திரையில ஒரு வட்டம் அந்த தாளத்துக்கு விரியும். ஜனங்க கூடித் தட்டுனா வேகம் ஏறிக்கிட்டே போகும், பஜனையில பாத்திருப்பீங்க. லேப்டாப்ல ஒரு கட்டுப்பாடு வெச்சு வேகத்தைப் பிடிச்சு நிறுத்தலாம்னு நான் சொன்னேன். மாஸ்டர் ஒத்துக்கல. "அவங்க ஓட்டட்டும்யா, நான் ஓடுறேன், அதுக்குத்தானே அவங்ககிட்ட குடுத்திருக்கோம்"னாரு. அப்படியே விட்டாச்சு. ஷோவுல தாளம் ஓட ஓட அவரும் ஜதியை இறுக்கிக்கிட்டே போய், ஒரு கட்டத்துல தாளக்கட்டையை ஓங்கித் தட்டி நிறுத்திட்டு ஆடியன்ஸைப் பாத்து ஒரு முறை முறைச்சாரு பாருங்க, ஹாலே குலுங்கிச் சிரிச்சுது, அக்கா மூச்சு வாங்கிக்கிட்டு சிரிக்கிறாங்க. ஒத்திகைல இல்லாத இடம் அது.

ஹார்ட்பீட்டுக்கு நெஞ்சுல கட்டுற பட்டைதான் துல்லியம், ஆனா அக்காவுக்கு அது ஆடும்போது மூச்சை இறுக்குது. விரல்ல மாட்டுறது முத்திரைக்கு ஆகாது, மணிக்கட்டுல வளையல். மேல் கையில வங்கி கட்டுறாங்கல்ல, அதுக்கு அடியில ஒரு இடம் கிடைச்சுச்சு, ஏற்கனவே இறுக்கமா இருக்குற நகை, யாருக்கும் தெரியாது. மேக்ஸ்30102 சென்சார், தோலுக்குள்ள வெளிச்சம் விட்டு ரத்தம் ஏறி இறங்குறதைப் பாக்குற வகை. கை அசைஞ்சா அவ்ளோதான், ரத்தத்தைவிட அசைவுதான் பெருசா தெரியும், அடவு ஆடும்போது அது சொல்றதை நம்பவே முடியாது. எங்களுக்கு அது தேவையும் இல்ல. ஜதி முடிஞ்சு அக்கா சிலை மாதிரி நிக்கிற அந்த கொஞ்ச நேரம் போதும், அப்போதான் இதயமும் ஓடி வந்த வேகத்துல இருக்கும், மெல்ல மெல்ல இறங்குறது கையில தெரியும். நின்னதும் சிக்னல் தெளிய கொஞ்சம் நேரம் எடுக்குது, அதுவரைக்கும் லேப்டாப் எதையும் அனுப்பாது. பொய்யா ஒரு துடிப்பை இட்டு நிரப்பலாம்னு ஒருத்தர் சொன்னாரு, அக்காவே வேண்டாம்னுட்டாங்க.

துடிப்பை சத்தமா விட முடியாது, ஸ்பீக்கர்ல அந்த அடி சத்தம் வராதுன்னு ஏற்கனவே சொன்னேன். அதனால வைப்ரேஷன். ஆண்ட்ராய்டுல குரோம் பிரவுசர்ல வருது, ஐபோன்ல வெப் பக்கம் வைப்ரேட் பண்ண முடியாது, அங்க திரை மங்கலா சிவந்து அணையுற மாதிரி வெச்சோம். பக்கத்து பக்கத்து சீட்டுல ஒருத்தருக்கு அதிருது, ஒருத்தருக்கு ஒளிருது, போனை மாத்தி மாத்தி வாங்கிப் பாத்துக்கிட்டாங்க. இதயம் அக்காவோடது, அதனால நிறுத்துற உரிமையும் அவங்களோடது, வங்கிக்கு உள்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச், அழுத்துனா அந்த நொடில இருந்து எதுவும் வெளிய போகாது. லேப்டாப்லயும் சேமிக்கிறதில்ல. ஆடியன்ஸ்கிட்ட பேரும் நம்பரும் கேக்கவே இல்ல, சீட்டு நம்பர் மட்டும், பக்கத்தை மூடுனா அதுவும் போச்சு. இதை முதல் திரையிலயே ரெண்டு வரில எழுதிப் போட்டுட்டா கேள்வியே வராது.

"எங்கிட்ட பட்டன் போன்தான்பா, நான் பின்னாடி உக்காந்துக்கறேன்"னு ஒரு மாமி சொன்னது ஒத்திகை சமயத்துல. அவங்களுக்காக ஆரம்பிச்சதுதான் கைப்பட்டை, சின்ன இஎஸ்பி32, நாணயம் சைஸு வைப்ரேஷன் மோட்டார், ஒரு எல்இடி. மோட்டாரை நேரா பின்ல மாட்டாதீங்க, ட்ரான்சிஸ்டர் வழியா குடுத்து, குறுக்க ஒரு டையோடு போடுங்க. ஒரே செய்தியை எல்லா பட்டைக்கும் பொதுவா விடுறோம், அந்த முறையில கிடைச்சுதான்னு பதில் வராது, அதனால மூணு தடவை அனுப்பி, பட்டை முதல்ல வந்ததை மட்டும் எடுத்துக்கும். கொஞ்சம்தான் செஞ்சோம், ஷோ அன்னைக்கு ஸ்மார்ட்போன் வெச்சிருக்குறவங்களே இதுதான் வேணும்னு வரிசைல நின்னாங்க. கையில எதையும் பிடிச்சுக்க வேண்டாம், திரை கண்ணுல குத்தாது, மேடையைப் பாக்கலாம். நானா இருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன்.

ஷோ முடிஞ்சதும் பண்ண வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. டப்பாவைத் திறந்து வேர்வை உப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, ஒரு ராத்திரி காய விட்டு, பேட்டரியை 3.8 வோல்ட் கிட்ட கொண்டு வந்து தனியா எடுத்து வைக்கணும், ஃபுல் சார்ஜ்ல மாசக்கணக்கா போட்டு வெச்சா உப்பிடும்.

அடுத்த தடவை அக்காவோட ஸ்டூடன்ட் ஒரு பொண்ணு ஆடப்போகுது. அதோட தட்டு அக்கா தட்டுல பாதி கூட இல்ல, இப்ப இருக்குற அளவுகோலுக்கு பாதி தட்டு தெரியவே தெரியாது. அதனால பவர் போட்ட உடனே முதல் எட்டு தட்டடவை வெச்சு செட்டு தானே அளவு எடுத்துக்கற மாதிரி புரோகிராமை மாத்திக்கிட்டு இருக்கேன், ரெண்டு காலுக்கும் தனித்தனியா, ஏன்னா பாத்த வரைக்கும் எல்லாருக்கும் ஒரு கால் கொஞ்சம் சோம்பேறி.